வாசனையை வைத்துப் பெயர் வைத்த மரம்

முதலில் ஒரு தப்பைத் திருத்த வேண்டியிருக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருக்கோடியில் நிற்கும் பெரிய மரத்தைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். படத்துக்குக் கீழே "எலுமிச்சை வாசனை யூகலிப்டஸ்" என்று தைரியமாகப் பெயரும் போட்டிருந்தேன். அது தவறு. எங்கே சறுக்கினேன் என்று தேடிப்போனதில், இதே மரத்தின் விஷயத்தில் தாவரவியலாளர்களும் நூற்றைம்பது வருஷம் தடுமாறியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கொஞ்சம் ஆறுதல்.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பழைய பயணக் குறிப்புகளையும் வரைபடங்களையும் ராத்திரி உட்கார்ந்து புரட்டுவது ஒரு பழக்கம், அவ்வளவுதான். அந்த அளவிலேயே இதைப் படிக்கவும்.

தெருக்கோடி மரம்

நாங்கள் இருப்பது பிரிஸ்பேனின் மேற்குப் புறநகர் ஒன்றில். தெரு முடிகிற இடத்தில் ஒரு ஓடை. அதன் கரையில் இந்த மரம். எட்டு மாடிக் கட்டட உயரம் தாராளமாக இருக்கும். அடிமரம் வழவழவென்று, வெளிறிய சாம்பலும் ரோஸும் கலந்து, விரலால் அழுத்தி எடுத்த மாதிரி சின்னச் சின்னக் குழிகளோடு இருக்கும். கோடையில் பழைய பட்டை செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த இடம் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி தெரியும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறார். அவர்தான் இது 'லெமன் சென்டட் கம்' என்று சொன்னார். இணையத்தில் படம் தேடினேன். பட்டை அப்படியே பொருந்தியது. இலை இருப்பதோ அறுபது எழுபது அடிக்கு மேலே. பறித்து முகர்ந்து பார்க்க வழியில்லை. பெரியவர் சொன்னார், படமும் ஒத்துப்போகிறது, போதாதா? எழுதிவிட்டேன்.

போன நவம்பரில் ஒரு புயல்மழை. காலையில் பார்த்தால் மரத்தடியில் ஒரு பெரிய கிளை கிடந்தது. மகள் ஓடிப்போய் ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, எலுமிச்சையே மணக்கலையே" என்றாள்.

நானும் கசக்கிப் பார்த்தேன். வழக்கமான யூகலிப்டஸ் நெடி லேசாக இருந்தது, அவ்வளவுதான். நான்கைந்து இலையை வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீரில் போட்டு ஆவி பிடித்துப் பார்த்தோம். மனைவி சொன்னாள்: "ஏங்க, இது சும்மா தைல வாசனைதாங்க."

அந்த வார இறுதியில் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பூங்காவுக்குப் போனோம். அங்கே பெயர்ப்பலகையோடு ஒரு எலுமிச்சை யூகலிப்டஸ் நிற்கிறது. கீழே விழுந்திருந்த இலையைத் தொட்ட உடனேயே கை முழுக்க மணம். மனைவி அங்கேயும் ஒரு திருத்தம் போட்டாள்: "இது எலுமிச்சை இல்லீங்க, கொசு விரட்டி வாசனை."

அவள் சொன்னதுதான் சரி. எலுமிச்சம்பழத் தோலின் மணத்தில் முக்கியமானவை லிமோனீனும் சிட்ராலும். இந்த மரத்தின் எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரோனெல்லால் என்ற வேறொரு பொருள். நல்ல மரத்தில் எண்ணெயின் முக்கால் பங்குக்கு மேல்கூட இருக்கும். சிட்ரோனெல்லா புல்லிலும் இருப்பது இதேதான். ஆக, பெயரில் இருக்கும் "எலுமிச்சை" முதல் நாளிலிருந்தே கொஞ்சம் தோராயமானது. அந்த முதல் நாள் எது என்று பார்ப்போம்.

1846, நறுமண ஓடை

நியூ சவுத் வேல்ஸின் தலைமை நில அளவையாளர் தாமஸ் மிட்செல். நெப்போலியன் காலத்து ஸ்பெயின் போரில் படைகளுக்கு வரைபடம் வரைந்தவர். 1828ல் சிட்னியில் இந்தப் பதவிக்கு வந்தார். 1845 டிசம்பரில் தன் நான்காவது பெரிய பயணத்தைத் தொடங்கினார். நோக்கம், சிட்னி பக்கத்திலிருந்து வடமேற்காகப் போய் கார்ப்பென்டேரியா வளைகுடாவுக்கு ஒரு தரைவழி கண்டுபிடிப்பது. வடக்கே கடலில் போய்ச் சேரும் ஒரு பெரிய நதி கிடைக்கும் என்று நம்பினார். ஒரு நதி கிடைத்தது, அதற்கு விக்டோரியா என்று பெயரும் வைத்தார். அடுத்த வருஷமே அவருடைய உதவியாளர் எட்மண்ட் கென்னடி அந்த நதியைத் தொடர்ந்து போனார். அது தென்மேற்காகத் திரும்பிப் பாலை நிலத்துக்குள் போவது தெரிந்தது. இன்றைக்கு அதன் பெயர் பார்கூ.

நதி ஏமாற்றிவிட்டது. ஆனால் வழியில் சேகரித்த செடிகள் ஏமாற்றவில்லை. 1846 ஜூலையில், இன்றைய கார்னார்வன் மலைகளை ஒட்டிய பகுதியில் மிட்செல் இருந்தார். இன்று குயின்ஸ்லாந்து. அப்போது அப்படி ஒரு மாநிலமே கிடையாது, அது பிரிந்தது 1859ல்தான். அந்த நிலக்காட்சியில் மயங்கி, இடங்களுக்கு சால்வதோர் ரோசா, கிளாட் என்று ஓவியர்களின் பெயரை வைத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு ஓடைக்கு அவர் கொடுத்த பெயர் 'பால்மி க்ரீக்'. இதமான, நறுமணமுள்ள என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல் அது. நம் மரத்தின் முதல் மாதிரி எடுக்கப்பட்டது அந்த ஓடைக்கரையில்.

உலர்ந்த கிளை கப்பலேறி லண்டனுக்குப் போனது. கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் அதைப் பார்த்து 'யூகலிப்டஸ் சிட்ரியோடோரா' என்று பெயரிட்டார். 'சிட்ரியோடோரா' என்றால் எலுமிச்சை மணமுள்ளது. மிட்செலின் பயண நூல் 1848ல் வந்தபோது இந்த விவரிப்பும் அதிலேயே அச்சானது.

இதில் ஒரு வேடிக்கை. அதற்கு நாலு வருஷம் முன்னால், 1844ல், இதே ஹூக்கர் 'யூகலிப்டஸ் மாகுலாட்டா' என்று இன்னொரு மரத்தை விவரித்திருந்தார். புள்ளி யூகலிப்டஸ். பட்டையில் அதே திட்டு, அதே குழி. உருவத்தில் இரண்டும் உடன்பிறந்தவை மாதிரி. கண்ணுக்குப் பட்ட புள்ளியை வைத்து ஒன்றுக்குப் பெயர், மூக்குக்குப் பட்ட மணத்தை வைத்து இன்னொன்றுக்குப் பெயர். குழப்பத்துக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது.

பயணத்தில் கூட இருந்தவர்

மரத்தைப் பற்றி எழுதும்போது இவரை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அந்தப் பயணத்தில் மிட்செலுக்கு வழிகாட்டியவர் யுரானி என்ற விராஜுரி இனத்தவர். தண்ணீர் எங்கே கிடைக்கும், எதிரில் வருபவர்களிடம் எப்படிப் பேசுவது என்று பல இடங்களில் முடிவு அவருடையது. மிட்செலே தன் நூலில் அவரை மனம்விட்டுப் பாராட்டியிருக்கிறார்.

அதே மிட்செலின் இன்னொரு முகமும் பதிவில் இருக்கிறது. 1836ல் மர்ரே நதிக்கரையில் அவருடைய ஆட்கள் பழங்குடி மக்களைச் சுட்டுக்கொன்றார்கள். அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் 'மவுண்ட் டிஸ்பெர்ஷன்', கலைத்து விரட்டிய மலை. நறுமண ஓடை என்று பெயர் வைத்த அதே கைதான்.

யுரானி 1850ல் இறந்தார். மோலாங் ஊருக்குப் பக்கத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அவருடைய மக்கள் தங்கள் முறைப்படி, சமாதியைச் சுற்றி நான்கு மரங்களில் பட்டையை நீக்கிக் கோலம் போன்ற வரிகளைச் செதுக்கி வைத்தார்கள். அரசாங்கச் செலவில் ஒரு கல்லும் நட மிட்செல் ஏற்பாடு செய்தார். இரண்டு மரபுகளும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

பால்மி க்ரீக் பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு இந்த மரம் புதிதில்லை. அவர்கள் காலம் காலமாக அதன் நிழலில் இருந்தவர்கள். கண்டுபிடிப்பு என்று நாம் எழுதுவது, லண்டன் அலமாரியில் மாதிரி போய்ச் சேர்ந்த தேதியைத்தான்.

எண்ணெய் சொன்ன சாட்சி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியல் உள்ளே வருகிறது. சிட்னி தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் ரிச்சர்ட் பேக்கர் என்ற தாவரவியலாளரும் ஹென்றி ஸ்மித் என்ற வேதியியலாளரும் சேர்ந்து ஏராளமான யூகலிப்டஸ் வகைகளின் இலையைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து, 1902ல் பெரிய நூலாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் அதன் எண்ணெய் ஓர் அடையாள அட்டை மாதிரி என்பது அவர்கள் நம்பிக்கை. மூக்கு சொன்னதை ஆய்வகம் எண்ணில் சொன்னது.

அந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தவர்கள் அதே அருங்காட்சியகத்தின் அடுத்த தலைமுறை. ஆர்தர் பென்ஃபோல்டும் ஃபிராங்க் மாரிசனும் 1927ல் 'யூகலிப்டஸ் டைவ்ஸ்' என்ற மரத்தைப் பற்றி எழுதினார்கள். பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லாத மரங்கள், ஆனால் எண்ணெயைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றில் ஒரு பொருள் அதிகம், பக்கத்து மரத்தில் வேறொரு பொருள் அதிகம். ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி. பிற்பாடு எலுமிச்சை யூகலிப்டஸிலும் இதே மாதிரி வேறுபாடுகளைப் பதிவு செய்தார்கள்.

என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரு டேட்டாபேஸில் பிரைமரி கீ என்று நம்பியிருந்த ஒரு காலம், தனித்துவமானதே இல்லை என்று தெரிய வருகிற தருணம் அது. அப்படி ஒரு நாள் அலுவலகத்தில் வந்தால் யாரும் சாப்பிடப் போக மாட்டோம்.

1995, 2000

இந்த மரங்களுக்கு யூகலிப்டஸ் என்ற பெயரே 1995ல் போய்விட்டது. கென் ஹில், லாரி ஜான்சன் இருவரும் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களைப் பிரித்து 'கோரிம்பியா' என்ற புதுப் பேரினத்தில் வைத்தார்கள். பூக்கள் கிளை நுனியில் கொத்துக் கொத்தாக அமைந்திருக்கும் விதம்தான் அந்தப் பெயருக்குக் காரணம். எலுமிச்சை மரம் 'கோரிம்பியா சிட்ரியோடோரா' ஆனது, புள்ளி மரம் 'கோரிம்பியா மாகுலாட்டா' ஆனது. எல்லாரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. இயன் புரூக்கர் 2000ல் எல்லாவற்றையும் திரும்ப யூகலிப்டஸுக்குள்ளேயே கொண்டுவந்தார். இன்று ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் கோரிம்பியா என்றுதான் எழுதுகிறார்கள். பேச்சில் எல்லாமே 'கம் ட்ரீ'.

இப்போது நம் தெருக்கோடிக்கு வருவோம். 1859ல் ஃபெர்டினாண்ட் வான் முல்லர் 'யூகலிப்டஸ் வேரிகாட்டா' என்று ஒன்றை விவரித்திருந்தார். எலுமிச்சை மரத்தின் அச்சு அசல், மணம் மட்டும் கிடையாது. நெடுங்காலம் இதைப் புள்ளி மரத்தோடு சேர்த்தே பார்த்தார்கள். ஹில்லும் ஜான்சனும் 1995ல் தனி இனமாக ஆக்கினார்கள். 2000 வாக்கில் இந்தக் குழுவின் நொதிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. மணமுள்ளதையும் மணமில்லாததையும் இரண்டு இனமாகப் பிரிக்கிற அளவு வித்தியாசம் அதில் தெரியவில்லை. அதே வருஷம் டோனி பீனும் மாரிஸ் மெக்டொனால்டும் வேரிகாட்டாவை எலுமிச்சை மரத்தின் ஒரு துணையினமாக இறக்கி வைத்தார்கள்.

அதாவது இன்றைய கணக்கில், 'எலுமிச்சை மணமுள்ளது' என்று பெயர் கொண்ட இனத்துக்குள்ளேயே எலுமிச்சை மணக்காத ஒரு கிளைக் குடும்பம் இருக்கிறது. தெருக்கோடி மரம் அதுதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் இனத்தின் பெயரைச் சரியாகவே சொல்லியிருக்கிறார், ஒருவிதத்தில்!

எப்படி அடையாளம் காண்பது

நான் பயன்படுத்தியது 'யூக்ளிட்' என்ற இலவச இணையவழி அடையாளக் கருவி. யூகலிப்டஸ், கோரிம்பியா, அங்கோஃபோரா மூன்றிலுமாக எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அதில் இருக்கின்றன. தெரிந்ததை மட்டும் தேர்வு செய்துகொண்டே போகலாம், தெரியாததைத் தாண்டிவிடலாம். அதற்கு அடியில் ஓடும் லூசிட் என்ற மென்பொருள் இதே பிரிஸ்பேனில், குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவானது. எனக்கு அதில் கொஞ்சம் தொழில் பெருமை.

நான் கற்றுக்கொண்ட வரிசை இது:

முதலில் பட்டை. அடியிலிருந்து நுனிவரை வழவழப்பா, அல்லது அடிமரத்தில் மட்டும் சொரசொரப்பா? கோரிம்பியாவில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டை கட்டம் கட்டமாக வெடித்து நிற்கும். நம் குழுவுக்கு முழு வழவழப்பு.

இரண்டாவது, காய். தரையில் தேடினால் கிடைக்கும். சின்னக் கலயம் மாதிரி, வாய்ப்பக்கம் கொஞ்சம் குறுகி, மரக்கட்டை போல் கெட்டியாக இருக்கும். பூங்கொத்தில் மொட்டுகள் மும்மூன்றாக இருக்கும்.

மூன்றாவது, இளஞ்செடியின் இலை. பெரிய மரத்தின் இலை நீண்டு ஒடுங்கி, இரண்டு பக்கமும் ஒரே பச்சை. ஆனால் கன்றின் இலையில் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று முடி இருக்கும். காம்பு இலையின் ஓரத்தில் சேராமல் உள்ளே தள்ளிச் சேரும், தாமரை இலை மாதிரி. இதை ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

நான்காவது, இடம். இதை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். மாகுலாட்டா இயற்கையாக இருப்பது நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையோரம், டாரிக்குத் தெற்கே. மணமுள்ள சிட்ரியோடோரா மத்திய, வடக்குக் குயின்ஸ்லாந்து. பிரிஸ்பேன் சுற்றுவட்டாரக் காட்டில் தானாக முளைப்பவை வேரிகாட்டாவும், இலையும் காயும் பெரிதாக இருக்கும் 'ஹென்ரியை' என்ற இன்னொரு இனமும். இங்கே மணமுள்ள மரத்தைப் பார்த்தால் அது யாரோ நட்டது.

கடைசியாகத்தான் மூக்கு. மணந்தால், பெரும்பாலும் சிட்ரியோடோரா. மணக்காவிட்டால், அதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

ஒரு துணைக்குறிப்பு. கொசு வராது என்று இந்த மரத்தை வீட்டில் வைக்கிறவர்கள் உண்டு. கொசுவை நீண்ட நேரம் விரட்டுவது சிட்ரோனெல்லால் இல்லை. அதிலிருந்து உருவாகும் பிஎம்டி என்ற வேறு பொருள். சீனாவில் இந்த எண்ணெயைக் காய்ச்சிய பின் மிஞ்சிய கழிவில் அதைக் கவனித்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2005ல் தன் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. இலையில் பிஎம்டி மிகக் கொஞ்சம்தான். மரத்தடியில் உட்கார்ந்தால் கொசு கடிக்கத்தான் செய்யும், நாங்கள் கடி வாங்கிப் பார்த்தோம்.

விதையிலிருந்து

தப்பு தெரிந்த பிறகு, பரிகாரம் மாதிரி, நிஜமான மணமுள்ள மரத்தை வளர்ப்போம் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். இணையத்தில் ஒரு விதைப் பாக்கெட் வாங்கினோம். உள்ளே பழுப்புத் தூள். அதில் கருவுறாத உமியும் கலந்திருக்கும், எல்லாமே விதை இல்லை. ஊறவைப்பது, வெந்நீர் என்று எந்த வேலையும் வேண்டாம். மணலும் மக்கிய உரமும் கலந்த தட்டில் தூவி, மேலே விதை மறையும் அளவுக்கு மட்டும் மணல். தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும், தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட வேண்டும். வெயில் காலம், ஒன்பதாம் நாள் முளை வந்தது.

இரண்டு ஜோடி இலை வந்ததும் உயரமான குழாய்த் தொட்டிக்கு மாற்றினோம். இதில் நான் ஒரு பிசகு செய்தேன். அலுவலகத்தில் ஒரு வெளியீட்டு வேலை, ஐந்து வாரம் கன்றுகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் இரண்டு கன்றின் வேர் தொட்டிக்குள் சுருண்டுவிட்டது. இந்த மரத்துக்கு அது ஆயுள் தண்டனை. இப்போது நன்றாக இருக்கிற மாதிரி தெரியும், பத்து வருஷம் கழித்துக் காற்றில் சாயும். இரண்டையும் தூக்கி எறிந்தேன். மிச்சம் ஒன்பது.

இளந்தளிரில் மஞ்சள் பொடி படிகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மிர்டில் ரஸ்ட் என்ற பூஞ்சை நோய் 2010ல் ஆஸ்திரேலியாவுக்குள் வந்தது. இந்தக் குடும்பத்து மரங்கள் பலவற்றைத் தாக்குகிறது. எங்களுக்கு வரவில்லை. பனி விழும் இடமாக இருந்தால் முதல் ஒன்றிரண்டு குளிர்காலம் மூடிப் பாதுகாக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் மகள் ஒவ்வொரு கன்றிலும் ஒரு இலையைத் தேய்த்துப் பார்த்து, நோட்டில் எழுதினாள். ஏழு மணத்தது. இரண்டு மணக்கவில்லை. ஒரே பாக்கெட், ஒரே மண், ஒரே தண்ணீர்! பென்ஃபோல்டும் மாரிசனும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

எங்கே நடுவது

எங்கள் மனை அறுநூறு சதுர மீட்டர். இந்த மரம் சாதாரணமாக 35 மீட்டர், நல்ல இடத்தில் அதற்கும் மேல் போகும். காற்று மழையில் கிளையை உதறும். வீட்டுப் பக்கத்தில் நடக் கூடவே கூடாது, பெரிய நிலம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். விதை போடும்போதே இது தெரியும். தெரிந்துதான் போட்டோம்.

ஓடைக்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் களை பிடுங்கி மரம் நடும் தன்னார்வக் குழு ஒன்று இருக்கிறது. அவர்களிடம் கன்றுகளைக் கொடுக்கலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா கன்றுகளைப் பார்த்தார், ஓர் இலையைத் தேய்த்துச் சிரித்தார், "ரொம்ப அழகா வளர்த்திருக்கீங்க. ஆனா இங்கே நட முடியாது" என்றார்.

குயின்ஸ்லாந்து மரம்தானே, சொந்த மண்ணுதானே என்று கேட்டேன். குயின்ஸ்லாந்து பெரிசு என்றார் அவர். இந்த ஓடையில் இருப்பது வேரிகாட்டா. இரண்டும் ஒரே இனம், பூ பூத்தால் கலக்கும். எங்கிருந்து வந்த விதை என்றே தெரியாததை இங்கே நட்டால், இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக நின்ற மரத்தின் வாரிசு மாறிப்போகும். பெர்த் நகரை உதாரணம் சொன்னார். அங்கே கிங்ஸ் பார்க்கில் ஃபிரேசர் அவென்யூவின் இருபுறமும் நிற்கும் எலுமிச்சை யூகலிப்டஸ் வரிசை ஊருக்கே பெருமை. தன் மண்ணிலிருந்து கண்டத்தின் மறுகோடியில் நிற்கிறது. அதே மரம் மேற்கு ஆஸ்திரேலியாவில் தானாகப் பரவிய இடங்களில் களைப் பட்டியலில் வருகிறது. "ஆஸ்திரேலிய மரம்" என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் உதவவில்லை.

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும்தான். நானும் வேறு ஊரிலிருந்து வந்து இங்கே வேர்விட்டவன், அந்தப் பேச்சு எங்கேயோ குத்தியது. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். அந்த அம்மா மரத்தைப் பற்றித்தான் பேசினார், என்னைப் பற்றி இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டது நான். ஒரு மரத்தின் பெயரை அரைகுறை அடையாளத்தில் முடிவு செய்த அதே அவசரம்தான் இதுவும்.

அடுத்த ஞாயிறு அவரே ஒரு வழி சொன்னார். தெருக்கோடி மரம் அந்தக் கரையிலேயே முளைத்து வளர்ந்தது. அதன் காய் விழும்போது எடுத்து வைத்தால் அந்த விதை அவர்களுக்கு வேண்டும். காகிதப் பையில் போட்டு இரண்டு நாள் வெயிலில் வைத்தால் காய் வாய் திறந்து விதை தானாக உதிரும். அப்படி எடுத்த விதையில் பதினான்கு கன்று வந்தது. இந்த ஏப்ரலில் பதினான்கையும் கரையில் நட்டோம். ஒன்றுகூட எலுமிச்சை மணக்காது.

மணக்கும் ஏழில் ஆறை, ராக்ஹாம்டன் பக்கம் பெரிய நிலம் வைத்திருக்கும் ஒரு சக ஊழியர் எடுத்துப் போனார். வேலியோரத்தில், வீட்டை விட்டு நூறு மீட்டர் தள்ளி நட்டிருக்கிறார். ஏழாவது எங்கள் வீட்டில் ஒரு பெரிய தொட்டியில் இருக்கிறது. எண்ணெய்க்காக வளர்ப்பவர்கள் இதை மரமாக விடுவதில்லை, திரும்பத் திரும்ப வெட்டிப் புதராகவே வைத்திருப்பார்கள், அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். நாங்களும் அப்படித்தான் வெட்டுகிறோம். போகும்போதும் வரும்போதும் மகள் ஒரு இலையைக் கிள்ளாமல் போக மாட்டாள்.

மணக்காத இரண்டும் பின்கட்டில் இருக்கின்றன. பாக்கெட்டில் வேறு விதை கலந்ததா, மணமுள்ள தாயின் மணமில்லாத பிள்ளைகளா என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் ஓடைக்கரைக்கும் இல்லை, நண்பருக்கும் இல்லை. தொட்டியில் ஒரு அட்டை கட்டியிருக்கிறேன். மகள் கையெழுத்தில் "விதை எங்கிருந்து என்று தெரியாது" என்று இருக்கிறது.

பழைய குறிப்பில் படத்துக்குக் கீழே இருந்த பெயரையும் மாற்றிவிட்டேன்: கோரிம்பியா சிட்ரியோடோரா, துணையினம் வேரிகாட்டா. பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரி, ஆனா நான் லெமன் சென்டட்னுதான் சொல்லுவேன்" என்றார்.